ஒரு கல், ஒரு புள்ளி, ஒரு ஆள்: கல்லறை வரைபடம் எப்படி உருவாகிறது?

2011 கோடை. அமெரிக்காவின் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் ராத்திரி ராத்திரியாக ராணுவ வீரர்கள் டிஷர்ட்டும் ரப்பர் செருப்புமாக வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு கல்லறைக்கல்லையும் ஐபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 'ஓல்டு கார்டு' படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள் அவர்கள். வழக்கமாக அதே இடத்தில் மடிப்புக் கலையாத சீருடையும் வெள்ளைக் கையுறையுமாக நின்று இறுதி மரியாதை செய்கிற ஆட்கள். அந்தக் கோடையில் மட்டும் 2,19,000 கற்களுக்கு மேல் படம் எடுத்தார்கள்.

இதற்கு முந்தைய வருடம் ஒரு ராணுவ விசாரணை நடந்தது. தோட்டத்தின் மூன்று பகுதிகளை மட்டும் எடுத்து, அலுவலகத்தில் இருந்த வரைபடத்தையும் தரையில் இருந்த கற்களையும் ஒப்பிட்டார்கள். 211 இடங்களில் ஒத்துப்போகவில்லை. வரைபடத்தில் ஆள் இருக்கிறார், தரையில் கல் இல்லை. தரையில் கல் இருக்கிறது, வரைபடத்தில் அந்த இடம் காலி. தன் மகன் இந்தக் கல்லுக்குக் கீழேதான் இருக்கிறான் என்று நம்பி வருடம் தவறாமல் பூ வைத்துவிட்டுப் போகிற ஒரு அம்மாவிடம் போய் இதை எப்படிச் சொல்வது? 2010 டிசம்பரில் சட்டமே போட்டு, ஒரு வருடத்துக்குள் ஒவ்வொரு கல்லறைக்கும் கணக்குக் காட்டச் சொல்லிவிட்டார்கள். கல்லறைகள், அஸ்தி வைக்கும் மாடங்கள் எல்லாம் சேர்த்துச் சுமார் 2,60,000 இடங்கள். 1864-இல் தொடங்கிய தோட்டம், ஆவணங்களோ பெரும்பாலும் காகித அட்டைகள்.

சரி, படம் எடுத்தால் போதுமா? போதாது. இந்த வேலையில் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்: தரையில் உள்ள இடம், கல்லில் உள்ள எழுத்து, ஆவணத்தில் உள்ள ஆள்.

முதலில் இடம். இதில்தான் உண்மையான அறிவியல் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து கிளம்பும் ரேடியோ அலை நம் கைக்கு வந்து சேர ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்குதான் ஆகிறது. எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, அதை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். நான்கு செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் நீங்கள் நிற்கும் இடம் தெரிந்துவிடும். ஆனால் அந்த நேரத்தை அளப்பதில் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினாலே 30 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். நடுவில் இருக்கும் வளிமண்டலம் வேறு அலையைத் தாமதப்படுத்துகிறது. அதனால் சாதாரண போன் வெட்டவெளியில் நின்றாலே ஐந்து மீட்டர் வரை தப்பாகக் காட்டும், மரத்தடியில் இன்னும் மோசம்.

ஹோட்டல் தேட ஐந்து மீட்டர் ஒன்றுமே இல்லை. கல்லறைக்கு அது ரொம்பப் பெரிய தூரம். அமெரிக்க அரசு கொடுக்கும் நிமிர்ந்த பளிங்குக்கல்லின் அகலம் வெறும் 13 அங்குலம், கனம் 4 அங்குலம். கல்லறைகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் ஐந்து மீட்டர் சுற்றுக்குள் பத்துப் பதினைந்து பேர் படுத்திருப்பார்கள். அத்தனை பேரில் யாரை அந்தப் புள்ளி காட்டுகிறது?

இதற்கு நில அளவையாளர்கள் வைத்திருக்கும் வழி அழகானது. ஏற்கெனவே துல்லியமாக இடம் தெரிந்த ஒரு புள்ளியில் ஒரு கருவியை அசையாமல் நிறுத்திவிடுவார்கள். தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரியும், ஆகவே செயற்கைக்கோள் சொல்வது எவ்வளவு தப்பு என்பதும் தெரியும். பக்கத்தில் இன்னொரு கருவியைக் கம்பில் மாட்டிக்கொண்டு ஒருவர் கல் கல்லாக நடப்பார். இரண்டு கருவிக்கும் மேலே இருப்பது ஒரே வானம், ஒரே தாமதம். நிற்கும் கருவி தன் பிழையை நொடிக்கு நொடி நடக்கும் கருவிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும், அது அந்தப் பிழையைக் கழித்துக்கொள்ளும். அதோடு, சுமார் 19 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த அலையின் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது வரை இரண்டும் அளக்கின்றன. கடைசியில் மிஞ்சும் பிழை ஓரிரு சென்டிமீட்டர். ஐந்து மீட்டர் எங்கே, இரண்டு சென்டிமீட்டர் எங்கே!

பெரிய தோட்டத்தில் இப்படிக் கல் கல்லாக நடப்பது கஷ்டம். அதனால் தரையில் சில புள்ளிகளை மட்டும் இப்படி அளந்துவிட்டு, விமானத்திலோ டிரோனிலோ ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நூற்றுக்கணக்கான படங்கள் எடுப்பார்கள். சாய்வு, மேடு பள்ளம் எல்லாம் திருத்தி அவற்றை ஒரே படமாக ஒட்டினால் வரைபடம் போலவே அளந்து பார்க்கக்கூடிய படம் கிடைக்கும். ஒரு படப்புள்ளி மூன்று சென்டிமீட்டர் என்றால் கல்லின் மேல்முனை பதினொரு புள்ளி நீளம், மூன்று புள்ளி அகலம். பச்சைப் புல்லில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டின்மேல் ஒரு புள்ளி வைத்தால் ஒரு கல்லறை பதிவாகிவிடும்.

கல்லே இல்லாத இடத்துக்கு வேறு கருவி இருக்கிறது, தரையை ஊடுருவும் ரேடார். புல்வெட்டும் இயந்திரம் மாதிரி தள்ளிக்கொண்டே போவார்கள். அது எலும்பைக் காட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஒருமுறை தோண்டி மூடிய மண் பக்கத்து மண்ணைப் போல இருக்காது, அந்த வித்தியாசம்தான் அலையில் தெரியும். களிமண் நிலத்தில் அலை சீக்கிரம் மங்கிவிடுவதால் அங்கே இந்தக் கருவியை அதிகம் நம்ப முடியாது.

அடுத்தது பெயர். ஒரு கல்லுக்கு ஒரு ஆள் என்று பட்டியல் போட்டால் ஆர்லிங்டனில் முதல் நாளே மாட்டிக்கொள்வோம். அங்கே கல்லின் முன்பக்கம் வீரரின் பெயர், பின்பக்கம் பெரும்பாலும் மனைவியின் பெயர். அதனால்தான் முன்னும் பின்னும் படம் எடுத்தார்கள். பிறகு அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அடக்க அட்டையையும் பழைய பதிவுகளையும் ஒப்பிட வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும், இறந்த தேதியில் ஒருநாள் வித்தியாசம் இருக்கும். கணினி சந்தேகமானவற்றைப் பிரித்துக் கொடுக்கும், அதற்கு மேல் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். பகுதி எண்ணும் கல்லறை எண்ணும் சேர்ந்தால் அதுவே அந்த இடத்தின் அடையாள எண். எல்லாமே அந்த எண்ணில்தான் போய் மாட்டுகிறது. இதையெல்லாம் செய்து முடித்து 2012-இல் ஒரு செயலியாக வெளியிட்டார்கள். பெயரைத் தட்டினால் கல்லின் படமும் போக வேண்டிய வழியும் வரும்.

இனி கதைக்கு வருவோம். நம் ஊர் நடுகல்லில் கதை கல்லிலேயே இருக்கும். எந்த மன்னன் காலம், எந்த ஊர் மாட்டை மீட்கப் போய் விழுந்தான், எல்லாம் வெட்டியிருப்பார்கள். செங்கம் பக்கத்து எடுத்தனூரில் கள்ளரைக் கடித்த நாயின் பெயர்கூடக் கல்லில் இருக்கிறது, கோவிவன் என்று. ஆனால் ராணுவத்தின் 13 அங்குலக் கல்லில் பெயர், பதவி, போர், தேதிகள், அதோடு சரி. மீதியை ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். அங்கேயும் ஒரு பெரிய ஓட்டை விழுந்திருக்கிறது. 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ராணுவ ஆவணக் காப்பகத்தில் நடந்த தீ விபத்தில் 1.6 முதல் 1.8 கோடி ராணுவப் பணிக் கோப்புகள் எரிந்துபோயின. அதனால் பல பேருக்கு ஓய்வூதியத் தாள், மக்கள்தொகைக் கணக்கு, குடும்பத்தின் கையில் உள்ள புகைப்படம், அப்புறம் அந்தக் கல், இவைதான் மிச்சம். 2019-இல் அமெரிக்க அரசு தேசியக் கல்லறைகளில் உள்ள சுமார் 37 லட்சம் பேருக்கு ஆளுக்கொரு இணையப் பக்கம் திறந்தது. குடும்பத்தார் அதில் படமும் நினைவும் சேர்க்கலாம்.

பெயர்ப் பட்டியல் இருந்தால் போதாதா, வரைபடம் எதற்கு என்று கேட்கலாம். ஆர்லிங்டனின் 27-ஆம் பகுதியைப் பாருங்கள். அங்கே அடக்கமான முதல் வீரர் பென்சில்வேனியாவைச் சேர்ந்த வில்லியம் கிரிஸ்ட்மன், 1864 மே 13 அன்று. குண்டடி பட்டு இறக்கவில்லை, நோயில் இறந்தவர். அதே பகுதியில் சுமார் 3,800 கறுப்பின மக்கள் இருக்கிறார்கள், பலர் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்கள். ராணுவத்தைச் சேராத அவர்களுடைய கற்களில் 'குடிமகன்' என்ற சொல்லைப் பொறித்திருக்கிறார்கள். கறுப்பினப் படைவீரர்களின் கல்லில் யு.எஸ்.சி.டி. என்ற எழுத்துகள், அமெரிக்காவின் கறுப்பினப் படை என்பதன் சுருக்கம். 1948 வரை இறந்த பிறகும் நிறம் பார்த்துத்தான் இடம் ஒதுக்கினார்கள். பெயர்ப் பட்டியலில் இவர்கள் அகர வரிசையில் எல்லோருடனும் கலந்துவிடுவார்கள். வரைபடத்தில் புள்ளிகளுக்கு நிறம் கொடுத்துப் பாருங்கள், யாரை எங்கே தள்ளி வைத்தார்கள் என்பது அப்படியே தெரியும். யார் பக்கத்தில் யார் என்பதும் கதைதான் என்று நான் நினைப்பது இதனால்தான்.

கல்லறையே இல்லாதவர்களை என்ன செய்வது? நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் சுமார் 17 லட்சம் பேரை நினைவுகூர்கிறது. ஆனால் முதல் உலகப் போரில் இறந்த குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவையும் எகிப்தையும் சேர்ந்தவர்கள், பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை என்று 2021-இல் அதன் அறிக்கையே ஒப்புக்கொண்டது. பிரான்சின் நேவ் ஷாப்பெல் நினைவிடத்தில் 4,700-க்கும் அதிகமான இந்தியர்களின் பெயர்கள் இருக்கின்றன. வரைபடத்தில் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு புள்ளி.

அதே 2021-இல் பிரிட்டனில் சிலர் இதை வேறு பக்கத்திலிருந்து அணுகினார்கள். முதல் உலகப் போருக்குப் போன சுமார் 3,20,000 பஞ்சாப் வீரர்களின் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் 97 வருடமாக யாரும் பார்க்காமல் கிடந்தன, ஊர் வாரியாக எழுதப்பட்டவை. அவற்றை எண்மமாக்கி இணையத்தில் ஏற்ற ஆரம்பித்தார்கள், முதலில் ஜலந்தர், லூதியானா, சியால்கோட் மாவட்டங்கள். இங்கே புள்ளி விழுவது கல்லறைமேல் இல்லை, அந்த ஆள் கிளம்பிப் போன கிராமத்தின்மேல். ஊர்ப் பெயரைத் தட்டினால் அங்கிருந்து போனவர்கள் யார் யார் என்று வருகிறது.