பேடன்ட்: காப்புரிமையா, ஆக்கவுரிமையா?

தொலைவிலுள்ள சர்வரிலிருந்து அமைப்பு விவரங்களை அனுப்பி, ஒரு ரவுட்டரையோ கணினியையோ ஆள் தொடாமலே இயங்க ஆயத்தமாக்கும் முறைக்குப் பேடன்ட் (கண்டுபிடித்தவருக்கு அரசு குறித்த காலத்துக்கு வழங்கும் தனியுரிமை) மறுக்கப்பட்டு, வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனால், அதைத் தமிழில் எழுதுவோர் ‘கணினி நிரலுக்குக் காப்புரிமை கிடையாது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ‘காப்புரிமை’ என்ற சொல் பேடன்டையும் காப்பிரைட்டையும் (பதிப்புரிமையையும்) ஒருங்கே குறித்து வருவதால், அந்த வரி பாதி பொய். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பிற்காலத் திருத்தங்களின்படி, நிரலை இலக்கியப் படைப்பாகவே கொள்கிறது; எழுதிய உடனே, பதிவு செய்யாமலே, அதற்குப் பாதுகாப்பு உண்டு. கிடைக்காதது 1970ஆம் ஆண்டுப் பேடன்ட் சட்டத்தின் 3(கே) பிரிவு விலக்கிவைக்கும் பேடன்ட் மட்டுமே. அதுவும் நிரல் நிரலாக மட்டும் நிற்கும்போதுதான்.

பேடன்ட் என்பது ‘திறந்திருத்தல்’ எனப் பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. முத்திரையை உடைக்காமல் எவரும் படிக்கத்தக்கதாக அரசர் விடுத்த திறந்த ஆணைக்கே முதலில் அப்பெயர். 1449இல் இங்கிலாந்தின் ஆறாம் ஹென்றி வண்ணக் கண்ணாடித் தொழில்வினைஞர் ஒருவருக்கு 20 ஆண்டுத் தனியுரிமை அளித்ததும் அத்தகைய ஆணையால்தான்.

திறந்துகாட்டுவதே உயிராகவுள்ள ஒன்றுக்குக் ‘காப்பு’ என்று பெயரிட்டது முதற்பிழை. கண்டுபிடித்தவர் தம் முறையை முழுமையாக எழுதி வெளியிட வேண்டும்; அதற்கு ஈடாகவே 20 ஆண்டு உரிமை. அதைவிடப் பெரிய பிழை, ஒரே சொல்லை இரண்டு உரிமைகளுக்கும் வழங்குவது. திரைப்பாடல் வழக்கிலும் ‘காப்புரிமை’. மஞ்சளால் புண்ணாற்றும் முறைக்குத் தரப்பட்ட பேடன்ட் 1997இல் அமெரிக்காவில் நீக்கப்பட்டதை எழுதும்போதும் ‘காப்புரிமை’. முன்னது ஆசிரியரின் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டு நீடிப்பது. பின்னது விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டில் முடிவது. காப்பிரைட்டுக்குப் பதிப்புரிமை இருக்கிறதே, காப்புரிமையைப் பேடன்டுக்கு ஒதுக்கிவிடலாமே என்பார்கள். ஏட்டில் ஒதுக்கலாம். ஆனால் பதிப்பகங்களே நூலின் உட்பக்கத்தில் ‘காப்புரிமை: ஆசிரியருக்கு’ என்று அச்சிடும்போது அந்த ஒதுக்கீட்டை யார் மதிப்பார்கள்? ஒலியிலும் அச்சொல் காப்பிரைட்டையே நினைவூட்டித் தொலைக்கிறது.

‘புனைவுரிமை’ என்பாரும் உண்டு. புனைதலுக்குச் செய்தல் என்ற பழம்பொருள் இருப்பது உண்மையே. எனினும் இன்றைய வாசகருக்குப் புனைவு என்றால் கதை. ரவுட்டரைப் பற்றிய தீர்ப்பில் அச்சொல்லைக் காண்பவர் நாவலாசிரியரைத்தான் தேடுவார்.

இலங்கைத் தமிழில் வழங்கும் ‘ஆக்கவுரிமை’யே என் தேர்வு. ஆக்கம் எழுத்தையும் குறிக்குமே என்ற மறுப்பு சற்று வலுவானதுதான். ஆயினும் காப்பிரைட்டுக்கு அச்சொல் பொதுவாக எடுத்தாளப்படாததால் மயக்கம் எழவில்லை. பேடன்ட் மேல்முறையீடுகளை விசாரித்துவந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டபின், சென்னைக் கிண்டியிலுள்ள பேடன்ட் அலுவலகம் மறுத்த விண்ணப்பம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே வருகிறது. முதலில் சொன்ன வழக்கில் அங்கே எழும் கேள்வி, சர்வர் அனுப்பும் கட்டளைகளால் அந்த ரவுட்டர் அல்லது கணினியின் இயக்கத்தில் தொழில்நுட்ப விளைவு உண்டாகிறதா என்பது. ‘நிரலுக்குப் பதிப்புரிமை உண்டு, நிரல் என்ற அளவில் ஆக்கவுரிமை இல்லை’ என்று எழுதினால் வழக்கு எதைப் பற்றியது என்பது விளங்கும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு குறையும் உண்டு. விண்ணப்பம் 18 மாதம் கழித்து அலுவலக இதழில் வெளியாவதையே ‘காப்புரிமை பெற்றார்’ என்று கொண்டாடிவிடுகிறார்கள். வெளியீடு வேறு, வழங்கல் வேறு. இடையில் ஆய்வும் மறுப்பும் மேல்முறையீடும் ஆண்டுக்கணக்கில் நடக்கும்.