டிப்பி எக் அண்ட் சோல்ஜர்ஸ்: தோய்முட்டையும் ரொட்டிச் சிப்பாய்களும்

இங்கிலாந்துக் குழந்தைகள் ‘டிப்பி எக்’ என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுவது, வெள்ளை கெட்டிப்பட்டு மஞ்சள் இளகியே இருக்கும்படி ஓட்டோடு அவித்த முட்டை. அதைச் சிறு கிண்ணத்தில் நிறுத்தி, உச்சியைச் சீவி, வெண்ணெய் தடவிய டோஸ்ட்டின் நீளத் துண்டுகளை மஞ்சளில் முக்கித் தின்பார்கள். அந்தத் துண்டுகள்தான் ‘சோல்ஜர்ஸ்’.

‘டிப்’ என்றால் தோய்ப்பது. அதன் மழலை வடிவம் ‘டிப்பி’. துண்டுகள் தட்டில் வரிசையாகக் கிடப்பது சிப்பாய்களின் அணிவகுப்பை நினைவூட்டுவதால் ‘சோல்ஜர்ஸ்’ என்ற பெயர் வந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இந்தப் பொருளில் அச்சில் அது பரவலானது 1960களில்தான். ‘சோல்ஜர்’ என்ற சொல்லோ மிகப் பழையது. ‘சாலிடஸ்’ என்ற ரோமானியப் பொற்காசின் பெயரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. சம்பளத்துக்குப் போரிடுபவர் என்பதே அதன் முதற்பொருள்.

சிப்பாய் விறைப்பாக நிற்க வேண்டும். டோஸ்ட் துவண்டால் முனை முட்டைக்குள்ளேயே ஒடிந்துவிடும், குழந்தை கரண்டியைத் தேடும். ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள ரொட்டியை முதலில் வாட்டி, சூட்டோடு ஓரம்வரை வெண்ணெய் தடவி, அதன்பிறகே வெட்ட வேண்டும். வெட்டிவிட்டு வாட்டினால் நான்கு பக்கமும் காய்ந்து வாயில் குத்தும். அகலம் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போனால் ஓட்டின் வாயில் இடிக்கும். சூடான துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். ஆவி உள்ளேயே தங்கி நமத்துவிடும்.

முட்டை வேலையில் நேரமே எல்லாம். மஞ்சள் ஏறக்குறைய 65 டிகிரியில் தடிக்கத் தொடங்கி 70க்குள் இறுகிவிடும். வெள்ளை கெட்டிப்படத் தொடங்குவது அதற்குச் சற்று முன்புதான். சூடு வெளியிலிருந்து உள்ளே செல்வதால் வெள்ளை முந்திக்கொள்கிறது; அந்தச் சிறு இடைவெளியில்தான் முட்டையை எடுத்தாக வேண்டும். மெல்லக் கொதிக்கும் நீரில் கரண்டியால் இறக்குங்கள். அறைச் சூட்டில் இருக்கும் 60 கிராம் முட்டைக்கு ஐந்து நிமிடம், 70 கிராமுக்கு ஆறு. நம் கடைகளில் கிடைக்கும் 50 கிராம் முட்டைக்கு நாலரை போதும். குளிர்பெட்டியிலிருந்து நேரே எடுத்தால் அரை நிமிடம் கூட்டுங்கள். ஆனால் ஓடு விரிசல் விடும் வாய்ப்பு அதிகம். எடுத்தவுடன் உச்சியைச் சீவ வேண்டும். சீவாமல் வைத்தால் ஓட்டுக்குள் தங்கிய சூட்டிலேயே மஞ்சள் இறுகிவிடும். நேரத்தைச் சரியாகப் பார்த்தும் மஞ்சள் கெட்டியாகிவிட்டது என்பவர்களுக்குப் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

குழந்தைக்கு இதில் பிடிப்பது ருசி மட்டுமல்ல. கரண்டியால் ஓட்டைத் தட்டுவது, முதல் துண்டை இறக்கியதும் மஞ்சள் பொங்கி வழிவது, காலி ஓட்டைக் கவிழ்த்துவைத்து “நான் இன்னும் சாப்பிடவே இல்லை” என்று பெரியவர்களை ஏமாற்றுவது என எல்லாம் அதன் கையிலேயே நடக்கின்றன. அதனால் பெரியவர் முக்கி ஊட்டக் கூடாது.

தமிழில் இதை ‘ஹாஃப் பாயில்’ என்று எழுதுவது தவறு. தமிழ்நாட்டில் அது கல்லில் ஊற்றிய, மஞ்சள் உடையாத முட்டை. மலேசிய, சிங்கப்பூர்க் காப்பிக்கடைகளின் அரைவேக்காட்டு முட்டையும் இதுவல்ல. அங்கே வெள்ளையும் இளகியிருக்கும், தட்டில் உடைத்து ஊற்றி சோயா சாஸும் மிளகுத்தூளும் சேர்ப்பார்கள். ‘தோய்முட்டை’ என்பது பொருத்தமான சொல். செய்வதையே பெயராகச் சொல்கிறது. சோல்ஜர்ஸுக்கு ‘ரொட்டிச் சிப்பாய்’. ‘படைவீரர்’ என்பது சாப்பாட்டுத் தட்டுக்குக் கனம். சமையல் குறிப்பில் வடிவத்தை மட்டும் சொல்ல ‘ரொட்டிக் கீற்று’ போதும்.

பிரிட்டனில் சிங்க முத்திரை பெற்ற முட்டைகள் சால்மொனெல்லா தடுப்பூசி போட்ட கோழிகளுடையவை. அவற்றை இளகிய நிலையிலும் கைக்குழந்தைகளுக்குத் தரலாம் என்று அந்நாட்டு உணவுத் தர முகமை 2017 அக்டோபரில் அறிவித்தது. அத்தகைய உறுதி இல்லாத முட்டையைச் சிறு குழந்தைகளுக்குப் பத்து நிமிடம் முழுதாக அவித்து, சூட்டோடு வெண்ணெய் சேர்த்துக் கிண்ணத்தில் மசித்துக் கொடுங்கள். ரொட்டிச் சிப்பாயை அதிலும் தொட்டுக்கொள்ளலாம்.