பகா எண்: பகுக்காததும் பகாததும் ஒன்றல்ல

2, 3, 5, 7 போல 1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடும் எண்ணைப் பிரைம் நம்பர் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் 'பிரைம்' லத்தீனில் 'முதல்' என்று பொருள்படும் பிரைமஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது, அதற்கும் முன்னால் கிரேக்கர்கள் 'முதல் எண்' என்றே சொன்னார்கள். 1 தவிர மற்ற எண்களெல்லாம் இவற்றைப் பெருக்கிப் பிறப்பதால் இவை முதல், சரிதான். இலங்கைப் பாடநூல்களில் வரும் 'முதன்மை எண்' இந்த வழியில் வந்த பெயர்.

தமிழ்நாட்டில் பகா எண் என்கிறோம். எனக்கு இதுதான் பிடிக்கும். பகு என்றால் பிளவுபடு, பிரி. பகுதி, பகுப்பு எல்லாம் அதன் உறவு. பிரித்தால் பொருள் தராத நிலம், நீர் மாதிரியான சொற்களை நன்னூல் பகாப்பதம் என்கிறதே, அதே பகாதான் இங்கேயும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'பகுக்காத எண்' என்றால் நாம் இன்னும் பிரித்துப் பார்க்காத எண், அவ்வளவுதான். 'பகாத எண்' என்றால் அது தானாகவே பிரியாத தன்மை உடையது, யார் முயன்றாலும் எந்தக் காலத்திலும். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றினால் இந்த எண்ணைப் பாருங்கள்: 147573952589676412927. அறுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி 1ஐக் கழித்தால் வரும் 21 இலக்க எண். மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1644இல் இதைப் பகா எண் பட்டியலில் சேர்த்துவிட்டார். 1876இல் லூக்கா என்பவர் இது பகா எண் அல்ல என்று நிரூபித்தார், ஆனால் எந்த எண்ணால் வகுபடும் என்று அவரால் சொல்ல முடியவில்லை! வகுத்தே பார்க்காமல் வகுபடும் என்று சொல்ல முடியுமா என்றால், முடியும், அதற்கென்றே சோதனைகள் இருக்கின்றன. கடைசியில் 1903இல் ஃபிராங்க் நெல்சன் கோல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கினால் இந்த எண் வரும் என்று காட்டினார். பேச்சே இல்லாமல் கரும்பலகையில் எழுதிக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார் என்று ஒரு கதை உண்டு, கொஞ்சம் மெருகேறிய கதையாக இருக்கலாம்.

ஆக 1903 வரை அது பகுக்காத எண், ஆனால் ஒரு நாளும் பகா எண்ணாக இருந்ததில்லை. இப்படிப் பிரியும் எண்ணுக்கு உள்ள பகு எண் என்ற பெயரும் பகுபதம் போல வினைத்தொகை, அதாவது பகுந்த, பகுகின்ற, பகும் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். பிரித்துக் காட்ட ஆள் வராத காலத்திலும் அது பகு எண்தான்.

1 மட்டும் இந்தப் பெயருக்கு அடங்காது. அதுவும் பகுவதில்லை, ஆனாலும் அதைப் பகா எண்ணில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் 6ஐ 2×3 என்றும், 1×2×3 என்றும், 1×1×2×3 என்றும் எழுதிக்கொண்டே போகலாம்; ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே ஒரு பகாக் காரணிப் பிரிப்புதான் என்ற விதி அடிபட்டுப் போகும்.