முற்பணம் கொடுக்குமுன் வீட்டைத் தட்டிப் பாருங்கள்

போன ஆவணியில் கட்டாரிலிருந்து ஒருவர் எனக்கு வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம், கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில் இரண்டு மாடி வீடு. மூத்த மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கப் பேசி முடித்தது. "இருக்கிற கோலத்திலேயே தாறம், பிறகு வந்து குறை சொல்லப்படாது" என்று விற்பவர் சொல்லியிருக்கிறார். மச்சான்காரர் போய்ப் பார்த்துவிட்டு, புது வீடு மாதிரி இருக்கிறது என்றிருக்கிறார். பத்து இலட்சம் முற்பணம் கொடுத்து மூன்று கிழமையாகிவிட்டது. "ஒருக்காப் போய்ப் பாருங்க தம்பி, மனத் திருப்திக்கு" என்றார்.

போனேன். புதுப் பெயின்ற் வாசம் இன்னும் போகவில்லை. போட்டிக்கோவின் கொங்கிறீட் பிளேட்டின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டினேன். நல்ல கொங்கிறீட்டைத் தட்டினால் கல்லைத் தட்டியது போலச் சத்தம் இறுக்கமாக வரும். இது காய்ந்த தேங்காய்ச் சிரட்டையைத் தட்டினது போலக் கேட்டது. மூன்றாவது தட்டலுக்கு, சாப்பாட்டுக் கோப்பை அளவு ஒரு துண்டு பெயின்ற்றோடு சேர்ந்து கீழே விழுந்தது. உள்ளே கம்பி பென்சில் அளவுக்குத் தேய்ந்து, தொட்டால் உதிர்கிற நிலையில் இருந்தது. பிளேட்டை முழுவதும் உடைத்துத் திரும்பப் போட அவருக்குப் போன காசு, கொடுத்த முற்பணத்தைவிடக் கூட. நான் கட்டாருக்குப் போன் எடுத்துச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

நான் கட்டட வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருப்பவன். சுனாமிக்குப் பிறகு கல்லடியிலிருந்து திருக்கோவில் வரை வீட்டுத் திட்டங்களில் வேலை பார்த்தேன். இப்போது வீடு வாங்குபவர்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள். பெரும்பாலும் காசு கொடுத்த பிறகுதான் கூப்பிடுகிறார்கள். இதை எழுத வைத்தது அதுதான்.

காணி விஷயத்தில் நம்முடைய ஆட்கள் நல்ல கவனம். சட்டத்தரணியைப் பிடித்து, காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துப் பதிவைத் தேடிப் பார்ப்பார்கள். நில அளவையாளரைக் கூட்டிவந்து எல்லைக்கல் பார்ப்பார்கள். ஆனால் காணி உறுதியை வாசித்துப் பாருங்கள். நாலு பக்க எல்லையும் விபரமாக இருக்கும். பிறகு, 'இதிலுள்ள வீடு, கிணறு, மதில், பயன்தரு மரங்கள்' என்று ஒரே வரி. அந்த வீட்டின் கூரை உளுத்ததா, அத்திவாரம் இறங்கியதா என்று உறுதி ஒருநாளும் பேசாது. "வங்கி ஆள் வந்து பார்த்தவர்தானே" என்றும் சிலர் சொல்வார்கள். வங்கிக்கு மதிப்பீடு செய்பவர் பார்ப்பது, கடன் கட்டாமல் போனால் இந்த ஆதனத்தை விற்று எவ்வளவு எடுக்கலாம் என்பதை. ஏணி வைத்து முகட்டுக்குள் ஏறிப் பார்ப்பது அவருடைய வேலை இல்லை.

மட்டக்களப்பில் வீடு பெண் பிள்ளைக்குப் போவது. தாய் இருந்த வீடு மகளுக்கு, பிறகு அவளுடைய மகளுக்கு. மகளுக்கு எழுதுகிற வீட்டோடு அதிலுள்ள வெடிப்பையும் கறையானையும் சேர்த்துத்தான் எழுதுகிறோம். அதைத் திருத்தப் புது மாப்பிள்ளை கடன் படுகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

கடற்கரை வீட்டில் நான் முதலில் தேடுவது துரு. உப்புக் காற்று கொங்கிறீட்டுக்குள் மெல்ல மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடும். கழுவாத கடல் மணலில் குழைத்திருந்தால் உப்பு முதல் நாளே உள்ளே இருக்கும். இரும்பு துருவாகும்போது முன்பு எடுத்த இடத்தைப் போலப் பல மடங்கு இடம் எடுக்கும், அந்த நெருக்கம் தாங்காமல்தான் கொங்கிறீட் வெடிக்கிறது. அதனால் பீமிலோ தூணிலோ கம்பி போகிற வழியே நீளத்துக்கு ஓடுகிற வெடிப்பைக் கண்டால் மேற்பூச்சு வெடிப்பென்று விடாதீர்கள். கபில நிறக் கசிவு இருந்தால் சந்தேகமே வேண்டாம். விற்குமுன் இதைச் சாந்து பூசி மூடிவிடுவது சுலபம், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தட்டினால் சத்தம் வேறாகக் கேட்கும். பிளேட்டின் அடி, பல்கனி விளிம்பு, தண்ணீர்த் தாங்கியின் கால்கள், இந்த மூன்றையும் தட்டாமல் நான் வெளியே வருவதில்லை.

அப்புறம் தண்ணீர். இங்கே வீடு பார்க்கப் போவது பங்குனிக்கும் ஆவணிக்கும் இடையில், வெயில் காலத்தில். வாவி வற்றிக் கிடக்கும், வளவு காய்ந்திருக்கும், எல்லா வீடும் அழகாகத்தான் தெரியும். ஆனால் எங்களுக்கு மழை கார்த்திகையிலும் மார்கழியிலும் தையிலும் ஒரேயடியாகக் கொட்டும். 2011 ஜனவரி வெள்ளத்தை மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் யாரும் மறக்கவில்லை. வீட்டுக்காரர் மறைத்தாலும் வீடு மறைக்காது. கதவு நிலையின் அடி ஒரு சாண் அளவுக்குக் கறுத்திருக்கும். அலுமாரிக்குப் பின்னால், பெயின்ற் தூரிகை எட்டாத இடத்தில், சுவரில் ஒரே மட்டத்தில் கோடு ஓடும். சுவரின் அடியில் வெள்ளைத் தூள் பூத்திருந்தால் நிலத்து ஈரம் உப்பையும் கொண்டு மேலே ஏறுகிறது. சரி, இதெல்லாம் தெரியாவிட்டாலும் பக்கத்து வளவில் கேட்கலாமே. நாவற்குடாவில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது வேலிக்கு அப்பால் நின்ற அம்மா ஒருவர் சொன்னார்: "மனே, இப்ப பார்த்து என்ன செய்ய? மாரியில வந்து பாருங்க, குசினிக்குள்ள முழங்கால் மட்டுக்குத் தண்ணி நிக்கும்." என்னுடைய கருவிகள் ஒன்றும் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் சிக்கல் வேறு. அங்கே வயலை நிரப்பிக் கட்டிய வீடுகள் உண்டு. கிறவல் போட்டு நன்றாக இறுக்காமல் அடுத்த மாதமே அத்திவாரம் வெட்டினால் வீடு வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும், அதுவும் ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய. ஜன்னல் மூலையிலிருந்து சரிவாகப் போகும் வெடிப்பும், படி படியாகக் கல் இடுக்கால் இறங்கும் வெடிப்பும் அதன் அடையாளம். பூச்சில் சிலந்தி வலை போல இருக்கும் மயிர் வெடிப்புக்குப் பயப்பட வேண்டாம். ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் அகன்றிருந்தாலோ, கதவு நிலத்தில் உரசினாலோ கட்டாயம் விசாரியுங்கள். வயலை நிரப்ப 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி வேண்டும். அந்தக் கடிதத்தையும் கேளுங்கள். அதே போல, கடலோரத்து 300 மீற்றருக்குள் உள்ள வீடென்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சுனாமி வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது அவைதான் அதிகம் கைமாறுகின்றன. 2004க்குப் பிறகு கட்டியவை பெரும்பாலும் 500 சதுர அடி அளவான ஒற்றைத் தட்டு வீடுகள். அத்திவாரமும் அந்தப் பாரத்துக்கு ஏற்றதுதான். வெளிநாட்டுக் காசு வந்தவுடன் அதன் மேல் இரண்டாம் தட்டு ஏற்றியிருப்பார்கள், தூண்கூடப் புதிதாகப் போடாமல். மேல் மாடி தளத்துக்கு மாபிள் பதித்து, படிக்கு எவர்சில்வர் கைபிடி வைத்து, பார்க்க மாளிகை மாதிரி இருக்கும். இந்த வகை வீட்டைக் கட்டட அனுமதிப் படத்தையும், அந்தப் படத்தின்படிதான் கட்டியது என்று உள்ளூராட்சிச் சபை கொடுக்கிற உகந்தமைச் சான்றிதழையும் காட்டாமல் யாராவது விற்க வந்தால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். பழைய படத்தில் ஒரு தட்டும் நிலத்தில் இரண்டு தட்டும் இருந்தால் அது சபையோடும் பிரச்சினை, அத்திவாரத்தோடும் பிரச்சினை.

கிணறும் மலசலக் குழியும் ஐம்பது அடிக்குக் கிட்ட வந்துவிடக் கூடாது. எங்கள் மணல் தரையில் எல்லாம் சுலபமாக ஊறும். பக்கத்து வளவுக் குழியையும் சேர்த்து அளக்க வேண்டும், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மின்சாரத்துக்கு, மின் ஒழுக்கு வந்தால் தானாக விழுகிற றிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அமத்துங்கள், விழாவிட்டால் மாற்ற வேண்டும். கூரைச் சலாகையில் ஸ்குரூ டிரைவரைக் குத்துங்கள், உள்ளே போனால் கறையான் சாப்பிட்டு முடித்த மரம்.

பரிசோதனை என்றால் வீட்டை வேண்டாமென்று சொல்ல வைப்பது என்று நினைக்காதீர்கள். ஆரையம்பதியில் ஒரு பழைய ஓட்டு வீடு, 1978 நவம்பர் 23 சூறாவளிக்கு முந்தினது. சுவரில் பாசி, பெயின்ற் இல்லை, வாங்க வந்த குடும்பம் திரும்பிப் போக நின்றது. முகட்டில் ஏறிப் பார்த்தால் முழுக்க முதிரை மரம், ஒரு துளை கிடையாது. சுவர் தூக்குக்குண்டுக்கு நேர். ஓடு நூறு இருநூறு மாற்றி, வயரிங்கைப் புதிதாக இழுத்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கினார்கள். பக்கத்தில் பளபளவென்று இருந்த வீட்டைவிடக் குறைந்த விலைக்கு.

குறை தெரிந்தால் விலையைத் திரும்பப் பேசலாம், அல்லது விற்பவரையே திருத்தித் தரச் சொல்லலாம். வாயால் சொன்னால் காணாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி விற்கிற உடன்படிக்கைகூட நொத்தாரிசு முன்னால் எழுதியிருந்தால்தான் செல்லும். அந்த உடன்படிக்கையிலேயே, பரிசோதனையில் பெரிய பழுது கண்டால் முற்பணம் திரும்பி வரும் என்று ஒரு வரி போடச் சொல்லி உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள். விற்பவர் அதற்கு முகம் சுளித்தால் அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

யாரைக் கூட்டிப் போவது என்று கேட்பீர்கள். கட்டடப் பொறியியலாளர், தொழில்நுட்ப உத்தியோகத்தர், அனுபவமுள்ள மேசன் யாராக இருந்தாலும் பரவாயில்லை, விற்பவருக்கும் தரகருக்கும் சொந்தமில்லாதவராக இருக்க வேண்டும். கண்டதை எழுத்தில் வாங்குங்கள், படத்தோடு. வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடியோவை நம்ப வேண்டாம், கமரா தட்டிப் பார்க்காது. வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி அலுமாரிகளைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைக்கக் கேளுங்கள், ஓர் ஏணியும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். காலையில் எட்டு மணிக்குப் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் எல்லாம் பார்த்து முடிக்கலாம்.