பார்சர் ‘முடியாது’ என்று சொல்லும்போது

படம் கிடையாது, இசை கிடையாது. திரையில் நாலு வரி வர்ணனை, கீழே நம் கட்டளைக்கு ஓர் இடம். இப்படிப்பட்ட உரை விளையாட்டுகளுக்கென்றே 1995 முதல் இணையத்தில் ஆண்டுதோறும் ஐஎஃப்காம்ப் போட்டி நடக்கிறது. பொதுமக்களே நடுவர்கள். ஒரு விளையாட்டை அதிகபட்சம் 2 மணி நேரம் ஆடிவிட்டு 1 முதல் 10 வரை மதிப்பெண் போட வேண்டும். அதற்கு மேலும் ஆடலாம், மதிப்பெண்ணை மாற்றக்கூடாது.

கதை நன்றாக இருக்கிறதா என்பதை அரைமணியில் சொல்லிவிடலாம். நான் கவனிப்பது வேறு: ஏடாகூடமாக ஒரு கட்டளை கொடுத்தால் விளையாட்டு என்ன செய்கிறது?

‘ஓபன் டோர்’ என்று தட்டியதும், கட்டளையைப் படிக்கும் பகுதியான பார்சர் அதைச் சொற்களாகப் பிரித்து அகராதியில் தேடும். அந்த அகராதியில் நீளமான சொற்கள் முழுசாக இருக்காது. ‘ஸார்க்’ விளையாட்டை வெளியிட்ட இன்ஃபோகாம் நிறுவனம் தன் விளையாட்டுகளை ஓட்டப் பயன்படுத்திய இஸட்-மெஷின் என்ற மெய்நிகர் கணினியில் ஓர் எழுத்துக்கு 5 பிட். ஆகவே 3 எழுத்துகள் 2 பைட்டில், அதாவது 16 பிட்டில், அடங்கிவிடும். ஆரம்பப் பதிப்புகள் ஒரு சொல்லுக்கு 4 பைட்தான் ஒதுக்கின, அதாவது முதல் 6 எழுத்துகள். பிறகு அது 9 ஆனது. மிச்சத்தைத் தப்பாகத் தட்டினாலும் பார்சர் கண்டுகொள்ளாது.

அடுத்து, ‘ஓபன்’ என்ற வினைக்குப் பின்னால் என்னென்ன வரலாம் என்று தன் பட்டியலைப் பார்க்கும். கதவு இந்த அறையில் இருக்கிறதா? இரண்டு கதவுகள் இருந்தால் எந்தக் கதவு என்று நம்மையே கேட்கும். சரி, இதில் புரிந்துகொள்ளுதல் எங்கே? எங்கேயும் இல்லை. எல்லாம் பொருத்திப் பார்ப்பதுதான்.

இதனால்தான் அவசரத்தில் செய்த விளையாட்டு சீக்கிரம் மாட்டிக்கொள்கிறது. ஜன்னலுக்கு வெளியே மழை என்று வர்ணனை சொல்லும். ஜன்னலைப் பார்க்கப் போனால், அப்படி எதுவும் இங்கே இல்லை என்று பதில் வரும். ஆசிரியர் வாக்கியத்தில் ஜன்னல் வைத்தார், நிரலில் வைக்கவில்லை. இந்த மறுப்பு வாசகங்களை, இவ்வகை விளையாட்டுகளை உருவாக்க உதவும் இன்ஃபார்ம் போன்ற கருவிகளே தயாராகத் தந்துவிடுகின்றன. சோம்பேறி ஆசிரியர் அப்படியே விட்டுவிடுவார்.

2007இல் முதலிடம் பெற்ற ‘லாஸ்ட் பிக்’கைப் பாருங்கள். தொலைந்த பன்றியைத் தேடி அலையும் ஓர்க் (மாயக்கதைகளில் வரும் முரட்டு அரக்க இனம்) ஒருவனே கதைசொல்லி. நாம் என்ன அபத்தத்தைத் தட்டினாலும் தன் கொச்சைப் பேச்சிலேயே பதில் சொல்வான். மறுப்பும் கதைதான் அங்கே.

ட்வைன் போன்ற கருவிகளில் செய்து, இணைப்பைச் சொடுக்கி ஆடும் விளையாட்டுகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. முதல் பக்கத்தில் நாம் எடுத்த முடிவு பத்தாம் பக்கத்தில் ஞாபகம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

வெற்றியைத் தீர்மானிப்பது மதிப்பெண்களின் சராசரி. கூடவே, திட்ட விலக்கம் மிக அதிகமாக வந்த விளையாட்டுக்கு ‘கோல்டன் பனானா ஆஃப் டிஸ்கார்ட்’ என்று ஒரு விருதும் உண்டு. சிலர் 10, சிலர் 1 என்று நடுவர்களை அடித்துக்கொள்ள வைத்த விளையாட்டு அது. எல்லாரிடமும் ஏழு, எட்டு வாங்கியதைவிட, நான் முதலில் தேடிப்போய் ஆடுவது அதைத்தான்.