எல்லாம் பீரங்கிதானா?

"74 துப்பாக்கிகள் கொண்ட போர்க்கப்பல்" என்று எழுதப்பட்ட மொழிபெயர்ப்பைப் படிக்கும் தமிழ் வாசகர், கப்பலின் ஓரத்தில் 74 பேர் தோளில் துப்பாக்கியோடு நிற்பதாகத்தான் நினைத்துக்கொள்வார். மூலத்தில் இருப்பதோ ஒவ்வொன்றும் டன் கணக்கில் எடையுள்ள இரும்புக் குழல்கள். ஆங்கிலத்தில் 'கன்' என்ற ஒரே சொல் கைத்துப்பாக்கியையும் குறிக்கும், கோட்டை மதிலைப் பெயர்க்கும் ஆயுதத்தையும் குறிக்கும். தமிழில் சிக்கல் வேறு மாதிரி. கேனன், மார்ட்டர், ஹோவிட்சர், கேரொனேட், பம்பார்டு என்று அங்கே பிரித்துச் சொல்லும் அத்தனையும் இங்கே 'பீரங்கி' என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடுகின்றன. அளவைப் பார்த்து வைத்த பெயர்கள் இவை என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் குழலின் நீளம், வெடிமருந்தின் அளவு, சுடும் கோணம் ஆகிய மூன்றும் எப்படிச் சேர்கின்றன என்பதைத்தான் இந்தப் பெயர்கள் சொல்கின்றன.

முதலில் நம் சொல். பீரங்கியும் பறங்கியும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஐரோப்பாவின் 'ஃபிராங்க்' மக்களை அரபியிலும் பாரசீகத்திலும் அழைத்த பெயர் 'ஃபரங்கி' ஆகி, பிறகு ஐரோப்பியர் அனைவரையும் குறித்தது. 16ஆம் நூற்றாண்டில் பாபரின் நினைவுக் குறிப்புகளிலேயே 'ஃபிரங்கி' ஒரு பீரங்கி வகையின் பெயராக வந்துவிட்டது. தமிழில் ஆளுக்குப் பறங்கி, ஆயுதத்துக்குப் பீரங்கி என்று அந்தச் சொல் இரண்டாகப் பிரிந்தது. பறங்கிக்காயும் இந்தக் குடும்பம்தான். சென்னையின் பறங்கிமலைதான் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் பீரங்கிப் படைக்குத் தலைமையிடமாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே வேர்ச்சொல்லின் இரு கிளைகளும் ஒரே மலையில் சந்தித்திருக்கின்றன.

'கேனன்' என்பதன் மூலம் இத்தாலிய 'கன்னோனே', அதாவது பெரிய குழாய். நாணல் தண்டைக் குறிக்கும் 'கன்னா' அதன் வேர். 'கன்' என்ற சொல்லை 'குன்ஹில்டா' என்ற பெண் பெயரோடு இணைக்கிறார்கள். 1330ஐ ஒட்டிய விண்ட்சர் கோட்டை ஆயுதப் பட்டியலில் 'சீமாட்டி குனில்டா' என்று ஓர் ஆயுதம் இருக்கிறது, ஆனால் அது மருந்தால் சுடுவதே அல்ல, பெரிய அம்பெறி பொறி. 'ஆர்ட்டிலரி'யும் வெடிமருந்துக்கு முந்திய சொல்தான். வில், கவண்பொறி உட்பட எறியும் ஆயுதங்கள் எல்லாவற்றுக்கும் அது பொதுப்பெயராக இருந்தது. ஈழத்துத் தமிழில் 'ஆட்லறி' என்று வழங்குவது இந்தச் சொல்லைத்தான்.

இனி ஆயுதங்களுக்கு வருவோம். நேர்ச்சூட்டுப் பீரங்கி, அதாவது குறுகிய பொருளில் 'கன்', நீளமான குழல் உடையது. நீளத்தை அடியில் சொல்வதைவிட வாயின் விட்டத்தைப் போல எத்தனை மடங்கு என்று சொல்வதுதான் பயன்படும். 1765இல் பிரான்சில் கிரிபோவால் என்ற பீரங்கிப் படை அதிகாரி கொண்டுவந்த ஒழுங்குமுறையில் களப் பீரங்கியின் நீளம் வாய் விட்டத்தைப் போல 18 மடங்கு, எடை குண்டின் எடையைப் போல 150 மடங்கு. குழலுக்குள் கடைசி வரை ஒரே அகலம். குண்டு கெட்டி இரும்பு. மருந்து குண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் போகும். குழல் நீளமாக இருப்பதால் மருந்து எரிந்து உண்டாகும் வாயு குண்டை அதிக நேரம் தள்ளுகிறது, அதனால் வேகம் கூடுகிறது. வேகம் கூடினால் குண்டு தாழ்வாக, ஏறக்குறைய நேராகப் போகும். மதிலைக் குத்தவும் அணிவகுத்து வரும் படையை ஊடுருவவும் இதுதான் வேண்டும்.

கெட்டிப்பது என்றால் துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் மருந்தும் குண்டும் போட்டு இடிப்பது. அதை வரிசையாகப் பார்த்தால் எங்கே கை போகும், எங்கே உயிர் போகும் என்பது புரியும். முந்திய சூட்டில் எரியாத துணித்துண்டு கனலாக உள்ளே கிடக்கும். அதனால் முதல் வேலை, கோலின் நுனியில் கட்டிய ஈரத் துடைப்பானை அடிவரை விட்டுத் திருகி எடுப்பது. அடுத்து மருந்து நிறைத்த துணிப்பையை உள்ளே தள்ளி இடிகோலால் இறுக்க வேண்டும். இந்த நேரம் முழுக்க ஒருவர் குழலின் பின்புறம் மேலே உள்ள சிறு துளையை, அதாவது பற்றுவாயை, தோலுறை போட்ட கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு நிற்பார். இடிகோல் உள்ளே போகும்போது காற்று அந்தத் துளை வழியே சீறினால் மிச்சக் கனல் ஊதப்பட்டு மருந்து பற்றிக்கொள்ளும். இரும்பு சுடுகிறதே என்று விரலை எடுத்துவிட்டால், குழலின் வாய்க்கு எதிரே இடிகோலோடு நிற்பவரின் கைதான் போகும். பிறகு குண்டை இறக்கி, பற்றுவாய் வழியே ஊசி விட்டுப் பையைக் குத்தி, பொடிமருந்து தூவி, நீண்ட கோலில் சுற்றிய திரியால் தீ வைப்பார்கள். குண்டு மருந்தைத் தொடாமல் நடுவில் இடைவெளி விட்டு நின்றாலும் ஆபத்துதான். அந்த இடத்தில் அழுத்தம் எகிறிக் குழலே பிளக்கும்.

மார்ட்டர் இதற்கு நேர் எதிர். சொல்லின் பொருள் உரல். இலத்தீன் 'மோர்ட்டாரியம்' தொடங்கி ஜெர்மன் 'ம்யோர்சர்', துருக்கி 'ஹவான்' வரை எல்லாம் சமையலறை உரலைக் குறிக்கும் சொற்களே. உருவமும் அப்படித்தான்: அகலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு நீளம்கூடத் தாண்டாத, வாய் மேல்நோக்கிய கட்டைக் குழல். கன்னியாகுமரி மாவட்டக் கோயில்களிலும் கேரளத்திலும் விழாவுக்கு வெடிக்கும் கதினாவைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரும்புக் குவளையில் மருந்தைப் போட்டு, மேலே செங்கற்பொடியை இடித்து இறுக்கித் தீ வைக்கிறார்களே, அதுவே குண்டில்லாத மார்ட்டர்.

மார்ட்டரைப் பெரும்பாலும் 45 பாகைக் கோணத்தில் நிரந்தரமாக நிறுத்தி வைத்தார்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. காற்றுத் தடையை விட்டுவிட்டால், குண்டு போகும் தூரம் கோணத்தின் இருமடங்கின் சைனைப் பொறுத்தது. 5 பாகையில் சுடும் பீரங்கி ஒரு பாகை கூடிப்போனால் தூரம் 20 சதவீதம் மாறிவிடும். 45 பாகையில் அதே ஒரு பாகைத் தவறு ஆயிரம் மீட்டரில் ஒரு மீட்டர் வித்தியாசத்தைக்கூடத் தராது. ஆகவே கோணத்தை அப்படியே விட்டுவிட்டு மருந்தின் எடையை மாற்றித் தூரத்தைக் கூட்டிக் குறைத்தார்கள். நேர்ச்சூட்டுப் பீரங்கிக்காரர் கோணத்தை அளப்பவர், மார்ட்டர்காரர் தராசு பிடிப்பவர்.

இங்கே குண்டும் வேறு. உள்ளே குடைந்து மருந்து நிரப்பி, மரக்குழாயில் திரி செருகியது. 45 பாகையில் ஆயிரம் மீட்டர் போக ஏறத்தாழ 14 நொடி ஆகும். அந்த நேரத்துக்கு ஏற்றபடி திரிக்குழாயை வெட்டினால்தான் குண்டு தரையைத் தொடும்போது வெடிக்கும். தொடக்கத்தில் குண்டின் திரிக்கு முதலில் தீ வைத்துவிட்டு, பிறகு மார்ட்டரின் பற்றுவாய்க்குத் தீ வைத்தார்கள். இரண்டாவது தீ பிடிக்காமல் போனால், எரியும் திரியோடு குண்டு உரலுக்குள்ளேயே இருக்கும், ஓடுவதைத் தவிர வழியில்லை. குண்டுக்கும் குழலுக்கும் இடையே உள்ள சந்து வழியாக வரும் தீயே திரியைப் பற்றவைக்கும் என்று அறிந்த பிறகு அந்த முறை கைவிடப்பட்டது.

ஹோவிட்சர் இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. 15ஆம் நூற்றாண்டின் ஹுஸ்ஸைட் போர்களில் செக் மக்கள் பயன்படுத்திய 'ஹௌஃப்னிட்சே' என்ற பெயரே ஜெர்மன் வழியாக இப்படி மாறியது. 'ஹௌஃப்' என்றால் கூட்டம். கூட்டத்தின்மேல் கற்களை வாரி இறைத்த ஆயுதத்தின் பெயர், பின்னாளில் வெடிகுண்டை வளைவாக எறியும் ஆயுதத்துக்கு வந்து சேர்ந்தது. 18ஆம் நூற்றாண்டு ஹோவிட்சரின் குழல் கட்டையானது, ஆனால் மார்ட்டரைவிட நீளம். சக்கர வண்டியில் ஏற்றப்பட்டிருக்கும், கோணத்தையும் மாற்றலாம். குழலின் அடியில் குண்டு போகும் பாதையைவிடக் குறுகிய மருந்தறை இருக்கும். உள்ளே குடைந்த குண்டின் சுவர் மெல்லியது, பலமாகத் தள்ளினால் குழலுக்குள்ளேயே நொறுங்கும். ஆகவே மருந்து கொஞ்சம்தான் போடலாம். அந்தக் கொஞ்ச மருந்தை அகலக் குழலில் போட்டால் அடியில் பரவி ஒழுங்கில்லாமல் எரியும். குறுகிய அறை அதை ஒன்றாகக் குவித்து வைக்கிறது. குழல் கட்டையாக இருந்தால்தான் கையை உள்ளே விட்டுத் திரி முன்புறம் இருக்கும்படி குண்டை உட்கார்த்த முடியும் என்பது இன்னொரு வசதி.

கேரொனேட் என்பது ஊரும் ஆலையும் கொடுத்த பெயர். ஸ்காட்லாந்தில் ஃபால்கர்க் அருகே இருந்த கேரன் இரும்பாலை 1770களின் இறுதியில் கப்பல்களுக்காக வார்த்தது. 32 பவுண்டு குண்டு, அதாவது 14.5 கிலோ இரும்பு, சுடும் நீளப் பீரங்கியின் எடை 2.8 டன் அளவில் இருந்தது. அதே குண்டைச் சுடும் கேரொனேட் ஒரு டன்னுக்கும் குறைவு. மருந்தும் குண்டின் எடையில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். அருகில் மோதும்போது பயங்கரம், தூரத்தில் வீண். 1814 மார்ச்சில் வால்பரைசோ துறைமுகத்துக்கு வெளியே அமெரிக்காவின் எஸ்ஸெக்ஸ் கப்பல் 40 கேரொனேட்களோடு சிக்கியது. எதிரியான பிரிட்டனின் ஃபீபி தன் நீளப் பீரங்கிகளோடு எட்டவே நின்று அடித்து அதைச் சரணடையவைத்தது.

பம்பார்டு எல்லாவற்றுக்கும் மூத்தது. அதிரும் ஓசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். நீண்ட இரும்புப் பட்டைகளைப் பீப்பாய் போல அடுக்கி, மேலே காய்ச்சிய வளையங்களை மாட்டி இறுக்கிச் செய்தார்கள். 1449இல் செய்யப்பட்டு இன்று எடின்பரோ கோட்டையில் இருக்கும் 'மோன்ஸ் மெக்' இந்த வகை. ஒரு பிறந்தநாள் மரியாதைக்குச் சுட்டபோது வளையங்கள் பிய்ந்த இடத்தை இப்போதும் பார்க்கலாம். ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ் 1460இல் ராக்ஸ்பரோ முற்றுகையில் இறந்ததும் பக்கத்தில் நின்ற பம்பார்டு வெடித்துத்தான்.

தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் உள்ள இராசகோபால பீரங்கி இதே பட்டை-வளையத் தொழில்நுட்பம், 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலத்தது. நீளம் ஏறத்தாழ 25 அடி, வாய் 2 அடி, எடை 20 டன்னுக்கு மேல். இதில் 60 செ.மீ. கருங்கல் குண்டைப் போட்டால் எடை சுமார் 300 கிலோ. அதே அளவில் இரும்புக் குண்டு என்றால் 800 கிலோவைத் தாண்டும். அதைத் தள்ளும் அளவுக்கு மருந்து வைத்தால் பட்டைகளைக் காய்ச்சி ஒட்டிய இணைப்புகள் தாங்கா. பெரிய வாய்களுக்கு உலகெங்கும் கல் குண்டையே பயன்படுத்தியதன் காரணம் இதுதான்.

பாம்பின் பெயரால் கல்வெரின், வல்லூற்றின் பெயரால் சேக்கர், ஃபால்கன் என்றெல்லாம் 16ஆம் நூற்றாண்டில் வைத்த பெயர்கள் பிறகு 'பவுண்டர்' கணக்குக்கு வழிவிட்டன. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கெட்டிக் குண்டு சுடுவதை எடையால் '12 பவுண்டர்' என்றார்கள். உள்ளே குடைந்த குண்டுக்கு எடை ஒரே மாதிரி இராது என்பதால் மார்ட்டரையும் ஹோவிட்சரையும் பெரும்பாலும் வாய் விட்டத்தால் அழைத்தார்கள். 24 பவுண்டரின் வாய் 12 பவுண்டருடையதைப் போல இருமடங்கு அல்ல, 1.26 மடங்குதான். எடை விட்டத்தின் மும்மடியாக ஏறுவதால் இப்படி.

தமிழில் 'குண்டு' என்பதும் இதே போல அதிகம் சுமக்கும் சொல். ஈழத்தில் வெடிக்கும் குண்டுக்கு 'எறிகணை' என்று தனிச்சொல் நிலைத்துவிட்டது, தமிழகத்திலும் அதை எடுத்துக்கொள்ளலாம். '21 குண்டுகள் முழங்க' மரியாதை என்று செய்தியில் வரும், ஆனால் அங்கே குண்டே இல்லை, மருந்து மட்டும்தான். வேட்டு என்பதே சரி. குண்டில்லாத அந்தச் சூட்டுக்கு 'வெற்று வேட்டு' என்ற சரியான சொல்லும் நம்மிடம் இருக்கிறது, வாய்ச்சவடால்காரரைத் திட்ட மட்டும் அதை வைத்திருக்கிறோம்.

தரங்கம்பாடிக் கோட்டையிலோ வேறு அருங்காட்சியகத்திலோ பெயர்ப்பலகை இல்லாத குழல் ஒன்று கிடந்தால், வாயை நூலால் அளந்து, குழல் அதைப் போல எத்தனை மடங்கு என்று பாருங்கள். பத்தைத் தாண்டி, குழலை வண்டியில் தாங்கும் பக்கவாட்டு முளைகள் நடுவை ஒட்டி இருந்தால் நேர்ச்சூட்டுப் பீரங்கி. மூன்று மடங்கு அளவில், முளைகள் அடியில் இருந்தால் மார்ட்டர். முளைகளே இல்லாமல் வயிற்றுக்குக் கீழே ஒரு காது மட்டும் இருந்தால், பெரும்பாலும் அது கேரொனேட்.