கழியும் கன்றுக்குப் பாலை நிறுத்தாதீர்கள்

ஆனி, ஆடிச் சாரல் தொடங்கிவிட்டால் நம் குமரி மாவட்டத்தின் குலசேகரம், திருவட்டாறு பகுதிகளிலிருந்து ஒரே மாதிரியான அழைப்புகள் வரும்: "சாரே, கன்னுக்குட்டி கழியுது, பால நிறுத்தியாச்சு." இந்த வாரம் நான் பார்த்த ஜெர்சி கலப்பினக் கிடேரிக் கன்று பிறந்து மூன்றே நாளானது. கண்கள் குழி விழுந்திருந்தன. கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது. வாய்க்குள் விரலை வைத்தபோது சப்பவில்லை, வாய் சில்லிட்டிருந்தது. பசு நஞ்சுக்கொடி போடும்வரை சீம்பால் கொடுக்கக் கூடாதென்று மறுநாள்வரை காத்திருந்தார்களாம். கன்று பிழைக்கவில்லை.

சீம்பால்தான் கழிச்சலை உண்டாக்குகிறது என்ற நம்பிக்கையை எத்தனை வீடுகளில் மறுத்துப் பேசினாலும் அது போவதில்லை. மனிதக் குழந்தையைப் போலன்றி, கன்றுக்குக் கருப்பையில் தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் கிடைப்பதில்லை. அது வெறுங்கையோடுதான் பிறக்கிறது. அந்தப் புரதங்கள் இருப்பது சீம்பாலில். அவற்றை முழுமையாக ஏற்கும் திறன் கன்றின் குடலுக்கு முதல் ஆறு மணி நேரத்தில் நன்றாக இருந்து, பிறகு மளமளவென்று குறைந்து, 24 மணி நேரத்தில் ஏறத்தாழ இல்லாமலே போய்விடுகிறது. நஞ்சுக்கொடி விழுவதற்கோ, நலமான பசுவுக்கே 12 மணி நேரம்வரை ஆகலாம். கன்று மடி முட்டிக் குடிப்பதால் கருப்பை சுருங்கி, கொடி விழுவதற்கும் உதவியாகிறது. அக்கம்பக்கத்துக்குச் சீம்பால் பங்கு வைப்பது நல்ல வழக்கம்தான். கன்று குடித்தது போக மிஞ்சியதைப் பங்கு வையுங்கள்.

முதல் நான்கு நாள்களில் கழிச்சலுக்கு முக்கியக் காரணம் கே 99 வகை ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியா. அது குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு வெளியிடும் நச்சு, சுவரைச் சிதைக்காமலே உடலின் உப்பையும் நீரையும் குடலுக்குள் கொட்ட வைக்கிறது. பாலை நிறுத்தினால் இந்தக் கசிவு நிற்காது. கன்று பட்டினியும் சேர்ந்து கிடக்கும். சுவர் பெரும்பாலும் கெடாமல் இருப்பதால், குளுக்கோசும் உப்பும் கலந்த நீரைக் கொடுத்தால் குடல் அதை உறிஞ்சிக்கொள்ளும். சால்மொனெல்லா போன்ற வேறு பாக்டீரியாக்களின் நச்சு அவற்றின் மேலுறையிலேயே இருக்கிறது. அது இரத்தத்தில் கலந்தால் காய்ச்சல் வந்து, பசி அடங்கி, உடல் தன் தசையையே கரைத்துக்கொள்ளும். தப்பிப் பிழைக்கும் கன்றுகளும் பல மாதம் வளர்ச்சி பின்தங்கி, சளிக்காய்ச்சலுக்கும் மூட்டு வீக்கத்துக்கும் எளிதில் ஆளாகின்றன. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை கிருமியைக் கொல்லக்கூடுமே தவிர, வெளிவந்த நச்சை முறிக்காது. தயவுசெய்து அதை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

கன்று பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள்; 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டராவது வயிற்றுக்குள் போக வேண்டும். தொப்புளில் டிங்சர் அயோடின் வையுங்கள். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் தொழுவத் தரை காய்வதே அரிது. கன்றுக்கு மேடான இடத்தில் உலர்ந்த வைக்கோல் போட்டு, தினமும் மாற்றுங்கள். கழிச்சல் கண்டால் பாலைச் சிறிது சிறிதாகத் தொடருங்கள், ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்து, பாலோடு கலக்காமல் இடையிடையே கொடுங்கள். எழுந்து நிற்க முடியாத, சப்பாத கன்றின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். அந்த நிலையில் நரம்பு வழியாகத்தான் நீரேற்ற முடியும். விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.